பழைய இன்ஜினுக்கு ஆயில் அடிட்டிவ்: எந்தப் புட்டி வேலை செய்கிறது, எது காசுக்குக் கேடு

காலையில் முதல் ஸ்டார்ட்டில் நீலப் புகை. ஆயிரம் கிலோமீட்டர் ஓடுவதற்குள் டிப்ஸ்டிக்கில் அரை லிட்டர் இறங்கிவிடுகிறது. இன்ஜினுக்கு அடியில் தரையில் கறுப்பாக ஒரு வட்டம். ஓடிக் களைத்த கார் வைத்திருப்பவர் உதிரிபாகக் கடையில் இதைச் சொன்னால், அலமாரியிலிருந்து நான்கைந்து புட்டிகள் இறங்கும். ஒன்று புகையை நிறுத்தும், ஒன்று கசிவை அடைக்கும், ஒன்று உள்ளே கழுவும், ஒன்று தேய்மானத்தைத் தடுக்கும், இன்னொன்று தேய்ந்ததையே திரும்ப வளர்க்கும் என்று எழுதியிருக்கும்.

அந்த ஐந்து வகைகளைத்தான் இங்கே மதிப்பிடுகிறோம். பிராண்டு வாரியாகப் பார்க்கவில்லை. ஒரே வகைக்குள் பிராண்டுக்குப் பிராண்டு உள்ள வேறுபாடு சிறியது. எந்த வகை, எந்தக் கோளாறுக்கு என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: சீல் கண்டிஷனர் தகுந்த இடத்தில் வேலை செய்கிறது. ஜிங்க் அடிட்டிவ் ஒரே ஒரு வகை இன்ஜினுக்குத் தேவை. ஃப்ளஷ் பக்குவமாகப் பயன்படுத்தினால் உதவும், தவறினால் இன்ஜினையே முடித்துவிடும். புகையை நிறுத்துவதாகச் சொல்லும் கெட்டியாக்கி நோயை மறைக்கிறது. டெஃப்லான், உலோகப் பூச்சு வகைகளைத் தொட வேண்டாம்.

ஆயிலுக்குள் ஏற்கெனவே என்ன இருக்கிறது

பலரும் ஆயில் என்றால் வெறும் எண்ணெய், அதற்குச் சத்து சேர்க்கவே அடிட்டிவ் என்று நினைக்கிறார்கள். இந்த எண்ணம்தான் எல்லாத் தவறுகளுக்கும் வேர். கேனில் வரும் ஆயிலில் ஏறக்குறைய 75 முதல் 90 சதவீதம்தான் அடிப்படை எண்ணெய். மீதி முழுவதும் அடிட்டிவ்களே. கரியையும் அமிலத்தையும் சமாளிக்கக் கால்சியம் அல்லது மெக்னீசியம் டிடர்ஜென்ட், அழுக்கு ஒன்றோடொன்று சேர்ந்து கட்டியாகாமல் மிதக்கவிடும் டிஸ்பர்ஸன்ட், தேய்மானத்துக்கு எதிராக ஜிங்க்-பாஸ்பரஸ் சேர்மம், சூட்டில் ஆயில் நீர்த்துப்போகாமல் பிடிக்கும் பாலிமர், நுரையடக்க லிட்டருக்குச் சில மில்லிகிராம் சிலிக்கோன் என்று எல்லாமே அதில் உண்டு.

இவற்றில் பல, உலோகப் பரப்பில் ஒட்டி நின்று வேலை செய்பவை. ஒட்டுவதற்கான இடம் ஒன்றுதான், போட்டி பல பேருக்கு. வெளியிலிருந்து இன்னொரு பொருளை அளவுக்கு மீறி ஊற்றினால், அது முன்பிருந்ததைத் தள்ளிவிட்டு உட்காரும். குழம்பில் உப்பு சரியாக இருக்கும்போது மேலும் ஒரு கைப்பிடி போடுவதுபோல்தான் இது. அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் ஏபிஐ முத்திரை, கேனில் உள்ள ஆயில் இருந்தபடியே தேறியதற்குக் கொடுப்பது. அதில் ஒரு புட்டி கலந்த பிறகு கிடைக்கும் கலவையை யாரும் எந்த இன்ஜினிலும் ஓட்டித் தேர்வு செய்யவில்லை. கார் கையேடுகள் பலவற்றில் “கூடுதல் அடிட்டிவ் சேர்க்க வேண்டாம்” என்று எழுதியிருப்பதற்குக் காரணம் இதுவே.

புகை நிறுத்தி, ஆயில் ஸ்டெபிலைசர்

புட்டியைக் கவிழ்த்தால் தேன்போல மெதுவாக இறங்குகிறதே, அந்த வகை. கடைகளில் அதிகம் விற்பதும் இதுதான். கவுண்டரில் சிறு பல்சக்கரங்கள் வைத்த பெட்டி ஒன்று இருக்கும். கைப்பிடியைச் சுற்றினால் சாதாரண ஆயில் கீழேயே நிற்க, இந்தக் கெட்டிக் கலவை நூல்நூலாக மேல் சக்கரம்வரை ஏறும். பார்க்கக் கவர்ச்சிதான். ஆனால் காரின் இன்ஜினுக்குள் ஆயிலைப் பல்சக்கரம் ஏற்றுவதில்லை. பம்ப் அழுத்திக் குழாய்வழியே அனுப்புகிறது. அந்தப் பெட்டியை இன்னும் வேகமாகச் சுற்றி, கலவையைக் கிட்டப்போய்ப் பாருங்கள். உள்ளே வெள்ளை வெள்ளையாகக் காற்றுக் குமிழிகள் சிக்கியிருக்கும். ஆயிலில் கலந்த காற்று பேரிங்குக்கும், வால்வைத் தள்ளும் ஹைட்ராலிக் டேப்பெட்டுக்கும் பகை. காற்று அமுங்கும், ஆயில் அமுங்காது. குமிழி நுழைந்த டேப்பெட் டிக் டிக் என்று தட்டும்.

உள்ளே இருப்பது பெரும்பாலும் கெட்டியான அடிப்படை எண்ணெயும் பாலிமரும். ஆயில் கிரேடுகளை வரையறுக்கும் எஸ்ஏஇ அட்டவணைப்படி 100 டிகிரி செல்சியஸில் 30 கிரேடு ஆயிலின் பாகுநிலை 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ்வரை, 40 கிரேடு 12.5 முதல் 16.3 வரை, 50 கிரேடு 16.3 முதல் 21.9 வரை. ஐந்தில் ஒரு பங்கு இந்தக் கலவையை 30 கிரேடு ஆயிலில் கலந்தால் அது 40 கிரேடு ஆகிவிடும், இன்னும் கொஞ்சம் ஊற்றினால் 50. அப்படியானால் நேராக 40 கிரேடு ஆயிலையே வாங்கலாமே? அதில் அடிட்டிவ்களும் சரியான விகிதத்தில் இருக்கும், குளிரில் ஓடும் தன்மையும் சோதிக்கப்பட்டிருக்கும். கெட்டியாக்கி கலந்த ஆயிலில் குளிரில் ஓடும் தன்மையைக் குறிக்கக் கேன்மேல் போட்ட 5டபிள்யூ என்ற எண்ணுக்கு அர்த்தமே இல்லாமல் போகிறது. காலை ஸ்டார்ட்டில் ஆயில், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்வரை போய்ச் சேரத் தாமதமாகும்.

இன்னொரு நஷ்டம் கண்ணில் படாது. பல கெட்டியாக்கிகளில் டிடர்ஜென்டும் இல்லை, ஜிங்கும் இல்லை. இன்ஜினின் அடியில் ஆயில் நிற்கும் நான்கு லிட்டர் சம்ப்பில் 800 மில்லியை இதற்குக் கொடுத்தால், நல்ல ஆயிலின் சத்து எல்லாமே ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. 800 பிபிஎம் (பத்து லட்சத்தில் 800 பங்கு) பாஸ்பரஸ் இருந்த ஆயில் 640 பிபிஎம் ஆகிவிடுகிறது. தேய்மானத்தைக் குறைக்க ஊற்றியது, தேய்மானத்தைத் தடுக்கும் பொருளையே நீர்க்க வைக்கிறது.

“ஊற்றினதும் பிரஷர் ஏறிடுச்சு” என்பார்கள். மீட்டர் ஏறுவது உண்மைதான். ஆனால் பிரஷர் என்பது ஆயில் ஓடுவதற்கு உள்ள தடையின் அளவு, ஓடும் ஆயிலின் அளவு அல்ல. கெட்டி ஆயில் சிறிய இடைவெளியில் நுழையத் திணறும்போது மீட்டர் ஏறுகிறது. ஒரு எல்லைக்கு மேல் ரிலீஃப் வால்வு திறந்து ஆயிலைச் சம்ப்புக்கே திருப்பிவிடும். மீட்டரில் நல்ல எண், பேரிங்கில் முன்பைவிடக் குறைந்த ஓட்டம். பிரஷர் குறைவாகக் காட்டினால் முதலில் மெக்கானிக்கல் கேஜ் மாட்டி, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு அளந்து பார்க்க வேண்டும். ஆயிரம் ஆர்பிஎம்முக்குச் சுமார் 10 பிஎஸ்ஐ என்பது பழைய பட்டறைக் கணக்கு. சரியான எண்ணுக்கு அந்த இன்ஜினின் சர்வீஸ் புத்தகத்தைத்தான் பார்க்க வேண்டும். சென்சார் பழுது, சம்ப்பில் ஆயிலை வடிக்கும் வலையான ஸ்ட்ரெய்னர் அடைப்பு, ரிலீஃப் வால்வு திறந்தபடி சிக்கியிருப்பது ஆகிய மூன்றையும் பார்க்காமல் புட்டியைத் திறக்கக் கூடாது. ஸ்ட்ரெய்னர் அடைத்திருக்கும் இன்ஜினில் கெட்டி ஆயிலை ஊற்றுவது, மூச்சுத் திணறுகிறவர் மூக்கையும் பொத்துவதற்குச் சமம்.

புகை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் இந்தப் புட்டியின் தேவை தானாகவே மறையும். இரவு முழுக்க நின்ற வண்டி ஸ்டார்ட் ஆனதும் ஒருமுறை நீலமாக ஊதிவிட்டுத் தெளிந்தால், அல்லது ஆக்ஸிலரேட்டரை விட்டு இறக்கத்தில் வந்து மறுபடி மிதிக்கும்போது ஊதினால், பெரும்பாலும் வால்வு சீல். மிதிக்க மிதிக்கத் தொடர்ந்து நீலமாக வந்தால் பிஸ்டன் ரிங் பக்கம் சந்தேகப்பட வேண்டும். இரண்டுக்கும் முன்னால், கிராங்க் கேஸில் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வைப் பாருங்கள். ஐட்லிங்கில் அதைக் கழற்றி அதன் துளையில் விரலை வைத்தால் உறிஞ்சுவது தெரிய வேண்டும், குலுக்கினால் உள்ளே கலகலக்க வேண்டும். அது அடைத்துப்போனால் கிராங்க் கேஸில் அழுத்தம் ஏறி, நல்ல ரிங் உள்ள இன்ஜினும் ஆயில் குடிக்கும், நல்ல சீல் உள்ள இன்ஜினும் கசியும். ஒரு சிறு உதிரிபாகத்தை மாற்றினால் தீரக்கூடிய கோளாறுக்குப் புட்டி புட்டியாக ஊற்றுகிறவர்கள் ஏராளம்.

ரிங்கா வால்வா என்று பிரிக்க, சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தைக் கேஜ் மாட்டி அளக்கும் கம்ப்ரஷன் சோதனை. இன்ஜினைச் சூடாக்கி, எல்லா ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, இக்னிஷனையும் இன்ஜெக்டரையும் துண்டித்து, த்ராட்டிலை முழுக்கத் திறந்து வைத்து ஒவ்வொரு சிலிண்டரையும் ஐந்தாறு சுற்று கிராங்க் செய்யுங்கள். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் பிளக் துளைவழியே ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். எண் நன்றாக ஏறினால் ரிங் அல்லது போர் (சிலிண்டரின் உட்சுவர்) தேய்மானம். அசையாமல் நின்றால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். ஒரு சூட்சுமம்: கம்ப்ரஷன் நன்றாகவே இருந்தும் ஆயில் குறைந்தால், கீழே உள்ள ஆயில் ரிங் கரியில் ஒட்டியிருக்கலாம். கம்ப்ரஷனைப் பிடிப்பது மேல் ரிங்குகள். ஆயிலை வழித்து இறக்குவது மூன்றாவது ரிங். அதன் துளைகள் கரியால் மூடினால் வழித்த ஆயில் திரும்பிப் போக வழியில்லை. இந்தக் கோளாறைக் கெட்டியாக்கி தீர்க்கவே தீர்க்காது.

மதிப்பெண்: 5க்கு 1. அந்த ஒன்றும், ஸ்கிராப்புக்குப் போகும்வரை சில வாரங்கள் ஓட வேண்டிய வண்டிக்காக.

ஜிங்க் அடிட்டிவ்: யாருக்கு உண்மையிலேயே தேவை

பழைய கார் வைத்திருப்போர் மத்தியில் அதிகமாகக் குழம்பிப்போன விஷயம் இதுதான். இசட்டிடிபி எனப்படும் ஜிங்க்-பாஸ்பரஸ் சேர்மம் 1940களிலிருந்து ஆயிலில் இருக்கிறது. சூடும் உரசலும் சேரும் இடத்தில் அது சிதைந்து, கண்ணாடி போன்ற பாஸ்பேட் படலமாக உலோகத்தின்மேல் படிகிறது. படலத்தின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவு. உரசலில் உலோகத்துக்குப் பதிலாக அந்தப் படலம் தேய்கிறது, பிறகு புதிதாகப் படிகிறது.

பாஸ்பரஸ் எரிந்து புகையோடு போனால் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் செயல்பாட்டைக் கெடுக்கும். அதனால் பெட்ரோல் ஆயில்களில் அதன் அளவுக்கு வரம்பு வந்தது. 2004இல் வந்த ஏபிஐ எஸ்எம் வகையில், 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய கிரேடுகளுக்கு உச்சம் 800 பிபிஎம், குறைந்தது 600 பிபிஎம். இதைப் பார்த்துவிட்டு “இப்போ வர்ற ஆயில்ல ஜிங்க்கே இல்ல, பழைய இன்ஜின் எல்லாம் போயிடும்” என்ற பயம் பரவிவிட்டது. பாதிதான் உண்மை.

அந்தப் பயம் பொருந்துவது, தட்டை டேப்பெட் கேம் ஷாஃப்டின்மேல் நேராக உரசி ஓடும் இன்ஜின்களுக்கு. 1980களின் பாதிவரை வந்த பல புஷ்ராட் இன்ஜின்கள் இந்த இனம். கேம் மேட்டின் மூக்கு டேப்பெட்டைத் தள்ளும் இடத்தில் அழுத்தம் மிக அதிகம், ஆயில் படலம் அங்கே நிற்காது. ஜிங்க்தான் காப்பு. கேமும் டேப்பெட்டும் புதிதாக மாட்டி, கடினமான வால்வு ஸ்பிரிங்கும் போட்டிருந்தால் தேவை இன்னும் கூடும். அதற்குப் பிறகு வந்த ரோலர் டேப்பெட்டில் உரசல் இல்லை, உருளல்தான். ரோலர் உள்ள இன்ஜினுக்குக் கார் இருபது வருடம் பழையதானாலும் கூடுதல் ஜிங்க் வேண்டியதில்லை. காரின் வயதைப் பார்க்காதீர்கள், கேமில் என்ன உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

தேவைப்படும் இன்ஜினுக்கும் புட்டிதான் வழியா? பெரும்பாலும் இல்லை. 800 என்ற வரம்பு மெல்லிய கிரேடுகளுக்குத்தான். 15டபிள்யூ-40, 20டபிள்யூ-50 கிரேடுகளை அது கட்டுப்படுத்துவதில்லை. டீசலுக்கான சிஜே-4 வகையில் உச்சமே 1200 பிபிஎம். கையேடு அந்தக் கிரேடை அனுமதித்தால், ஜிங்க் அதிகமுள்ள ஆயிலைக் கேனிலேயே வாங்கிவிடலாம். தயாரிப்பாளர் வெளியிடும் தரவுத்தாளில் பாஸ்பரஸ் அளவு இருக்கும். அதைப் பார்த்து 1000 முதல் 1200 பிபிஎம்வரை உள்ளதைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

புட்டியை ஊற்றுவதென்றே முடிவு செய்தால் கணக்குப் போட்டு ஊற்ற வேண்டும். நான்கு லிட்டர் ஆயிலின் எடை சுமார் 3.5 கிலோ. அதில் 800 பிபிஎம் இருக்கிறது, 1200 வேண்டும். புட்டியில் பாஸ்பரஸ் 1 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஊற்ற வேண்டியது ஏறக்குறைய 160 கிராம். புட்டி 350 கிராம் என்றால் பாதிகூட வேண்டாம். “முழுசா ஊத்திட்டா நல்லது” என்று கவிழ்த்தால் 1600 பிபிஎம்மைத் தாண்டும். 1400க்கு மேல் போனால் ஜிங்க் காப்பதை விட்டு அரிக்கத் தொடங்கும். 2000ஐ நெருங்கும்போது கேம் இரும்பின் பரப்பு செதில் செதிலாகப் பெயரும் ஆபத்து உண்டு. சதவீதம் அச்சிடாத புட்டியில் இந்தக் கணக்கையே போட முடியாது. ஆகவே அதை வாங்கவே வேண்டாம். ஆயில் குடிக்கும் இன்ஜினில் கன்வெர்ட்டரும் இருந்தால் ஜிங்க் ஊற்றுவது இரட்டைச் செலவு. எரியும் ஒவ்வொரு சொட்டும் கன்வெர்ட்டரில் போய்ப் படியும்.

மதிப்பெண்: தட்டை டேப்பெட்டில், அளந்து ஊற்றினால் 5க்கு 4. மற்ற இன்ஜின்களுக்குப் பூஜ்யம்.

சீல் கண்டிஷனர்

இந்த அலமாரியில் சொன்னதைச் செய்யும் பொருள் இது. ஆண்டுக்கணக்கில் சூட்டில் வெந்த ரப்பர் சீல் மென்மையை இழந்து, சுருங்கி, விளிம்பு விறைத்துவிடும். எஸ்டர் வகைப் பொருட்கள் ரப்பருக்குள் ஊறி அதைச் சற்றே உப்பவைத்து இளக்குகின்றன. விளிம்பு மறுபடி ஷாஃப்டைத் தழுவும், கசிவு குறையும். அன்றைக்கே நிற்காது. 500 முதல் 1500 கிலோமீட்டர்வரை ஓட வேண்டும். முதல் நாளே தரையைப் பார்த்து “ஏமாத்திட்டான்” என்று முடிவுகட்டக் கூடாது.

எந்தச் சீல் என்பது முக்கியம். நைட்ரைல், அக்ரிலிக் ரப்பர்கள் நன்றாக இணங்கும். புதிய வால்வு சீல்கள் பல ஃபுளோரோ ரப்பர், அவை கொஞ்சமே அசைந்து கொடுக்கும். டெஃப்லான் உதடு வைத்த கிராங்க் சீல் அசையவே அசையாது. கார்க் கேஸ்கெட், சிலிக்கோன் பேஸ்ட் ஒட்டிய சம்ப், கிழிந்த சீல், சீல் உரசி உரசிக் கோடு விழுந்த ஷாஃப்ட் ஆகியவற்றுக்கு இதில் மருந்தில்லை. அதனால் முதல் வேலை, இன்ஜினைத் துடைத்துச் சுத்தம் செய்து ஒரு நாள் ஓட்டி, கசிவின் ஊற்று எது என்று மேலிருந்து கீழாகப் பார்ப்பது. கிராங்க் சீல் என்று நினைக்கும் கசிவு பல சமயம் மேலே வால்வு கவரிலிருந்து வழிந்து இறங்குவதாக இருக்கும். வால்வு கவர் கேஸ்கெட்டை மாற்றுவது எளிது, அதை மாற்றிவிடுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. நிறைய ஊற்றினால் சீல் அதிகமாக உப்பி, தொளதொளவென்றாகி, முன்பைவிட மோசமாகக் கிழியும். அளவுக்கு மேல் வேண்டாம், ஒவ்வொரு ஆயில் மாற்றத்திலும் வேண்டாம். “ஹை மைலேஜ்” என்று கேனில் போட்ட ஆயிலில் இந்தப் பொருள் ஏற்கெனவே இருக்கிறது. அதோடு தனிப் புட்டியும் கூடாது. எங்களைக் கேட்டால், அடுத்த ஆயில் மாற்றத்தில் ஹை மைலேஜ் ஆயிலை நிரப்புவதே தனிப் புட்டியைவிட மேல். அளவைத் தயாரிப்பாளரே தீர்மானித்திருக்கிறார்.

இதையொட்டி ஒரு பழைய நம்பிக்கை: சிந்தெட்டிக் ஆயில் போட்டால் பழைய இன்ஜின் கசியும் என்பது. இப்போதைய சிந்தெட்டிக் ஆயில்கள் சீலோடு ஒத்துப்போகும்படியே கலக்கப்படுகின்றன. நடப்பது வேறு. விறைத்துப்போன சீலின் இடுக்கைக் கசடு அடைத்து வைத்திருந்தது. நல்ல டிடர்ஜென்ட் அதைக் கழுவியதும் ஏற்கெனவே இருந்த ஓட்டை வெளியே தெரிகிறது.

ஃப்ளஷ்

மண்ணெண்ணெய் இனத்துக் கரைப்பானும் டிடர்ஜென்டும் சேர்ந்தது. ஆயிலை நேரத்துக்கு மாற்றி வந்த இன்ஜினுக்கு இது தேவையே இல்லை. கசடு லேசாகப் படிந்த இன்ஜினுக்கு உதவும். ஆயில் ஃபில்லர் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். கேம் பகுதியில் பழுப்பு வார்னிஷ் மட்டும் தெரிந்தால் பயமில்லை. விரலால் வழித்து எடுக்கும் அளவுக்குக் கறுப்புக் களி இருந்தால் ஃப்ளஷ் ஊற்றாதீர்கள். களி கரைவதற்கு முன் துண்டு துண்டாகப் பெயர்ந்து சம்ப்புக்குப் போகும், ஸ்ட்ரெய்னர் வலையை மூடும். அதன் பிறகு பேரிங்குக்கு ஆயில் இல்லை. “ஃப்ளஷ் போட்டதும் இன்ஜின் சீஸ் ஆயிடுச்சு” என்று கேள்விப்படுவதெல்லாம் இப்படித்தான். அந்த நிலையில் செய்ய வேண்டியது சம்ப்பைக் கழற்றி, ஸ்ட்ரெய்னரைக் கையால் சுத்தம் செய்து, புது கேஸ்கெட் போட்டு மாட்டுவது. பிறகு நல்ல ஆயில் ஊற்றி 1500 கிலோமீட்டரில் ஒருமுறை, அடுத்த 2000 கிலோமீட்டரில் ஒருமுறை, ஃபில்டரோடு மாற்றுங்கள். டிடர்ஜென்ட் அந்தக் கசடை மெதுவாக, துகள் துகளாக இறக்கிவிடும்.

லேசான படிவுக்கு ஊற்றும்போது: இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, ஆயில் மட்டத்தைப் பாருங்கள். மேல் கோட்டில் இருந்தால், ஃப்ளஷ் எவ்வளவோ அவ்வளவு ஆயிலை முதலில் இறக்க வேண்டும். நான்கு லிட்டருக்கு 300 முதல் 400 மில்லி என்பது வழக்கமான அளவு. புட்டியில் போட்ட நேரம் மட்டும், பொதுவாக 10 முதல் 15 நிமிடம், ஐட்லிங்கில் விடுங்கள். ரேஸ் கொடுக்கக் கூடாது, வண்டியை நகர்த்தவே கூடாது. அந்த நேரத்தில் உள்ளே ஓடுவது நீர்த்த ஆயில், பாரம் தாங்காது. பிரஷர் விளக்கு மினுக்கினால் உடனே அணைத்துவிடுங்கள். சூட்டோடு ஆயிலை இறக்கி, சொட்டு நிற்கும்வரை காத்திருந்து, ஃபில்டரை மாற்றுங்கள். டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடும் இன்ஜின்களில் கரைப்பான் பெல்ட்டைப் பாழாக்கும். அங்கே ஃப்ளஷ் கூடவே கூடாது.

ஒட்டிய ஆயில் ரிங்கை விடுவிக்கச் சம்ப்பில் ஊற்றுவதைவிடச் சிலிண்டரில் ஊறவைப்பது பயன் தரும். பிளக்குகளைக் கழற்றி, பிஸ்டன்கள் எல்லாம் நடுவாக்கில் நிற்கும்படி கிராங்கைத் திருப்பி, ஒவ்வொன்றிலும் 30 முதல் 50 மில்லி கரி நீக்கும் திரவம் விட்டு 12 மணி நேரம் விடுங்கள். மிச்சத்தைச் சிரிஞ்சுக் குழாயால் உறிஞ்சி எடுத்து, துளைகள்மேல் துணி போட்டு, பிளக் இல்லாமலேயே கிராங்க் செய்து எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள். திரவம் உள்ளே இருக்கும்போது பிளக்கை மாட்டி ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராட் வளையும். முடிந்ததும் ஆயிலும் ஃபில்டரும் கட்டாயம் மாற வேண்டும், ஏனென்றால் பாதித் திரவம் சம்ப்புக்கு இறங்கியிருக்கும்.

மதிப்பெண்: 5க்கு 3. கறுப்புக் களி உள்ள இன்ஜினுக்கு ஒன்றும் இல்லை.

டெஃப்லான், செராமிக், உலோகம் வளர்க்கும் திரவங்கள்

வாணலியில் டெஃப்லான் ஒட்டுவதற்கு உலோகத்தைச் சுரசுரப்பாக்கி, துளி எண்ணெய் இல்லாமல் கழுவி, பூசி, 327 டிகிரிக்கு மேல் உருகும் அந்தப் பொருளை அதற்கும் மேலான சூட்டில் சுட்டெடுக்க வேண்டும். ஆயிலில் நனைந்து 100 முதல் 120 டிகிரியில் ஓடும் இன்ஜினுக்குள் அது எப்படி ஒட்டும்? மிதக்கும் துகள் ஃபில்டரிலும் குறுகலான ஆயில் பாதையிலும் போய்ச் சேரும். இந்த இனத்தில் பெயர்பெற்ற ஸ்லிக் 50 மீது, அதன் விளம்பரங்களுக்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 1996இல் குற்றம் சாட்டியது, 1997இல் அது சமரசத்தில் முடிந்தது. டெஃப்லான் வகையைச் சேராத ஜீமேக்ஸ் மீதும் 2001இல் அதே ஆணையம் வழக்குத் தொடுத்து, அது 2003இல் சமரசமானது.

தேய்ந்த போரில் உலோகத்தை “வளர்க்கும்” என்று சொல்பவற்றுக்கு ஒரு கேள்வி போதும். பேரிங்கில் புதிதில் இருக்கும் இடைவெளி 0.02 முதல் 0.06 மில்லிமீட்டர் அளவில்தான். உலோகம் வளருமானால் அது தேய்ந்த இடத்தில் மட்டும் வளர்ந்து, தேயாத இடத்தையும் ஆயில் துளைகளையும் எப்படி விட்டுவைக்கும்?

சுழலும் வளையத்தின்மேல் நெம்புகோலால் ஒரு பேரிங் துண்டை அழுத்தி, “ஆயில் போட்டா சிக்கிக்குது, நம்ம அடிட்டிவ் போட்டா சிக்கல” என்று காட்டும் கருவியையும் பார்த்திருப்பீர்கள். அதில் ஜெயிக்க எளிய வழி குளோரினேற்றிய பாரஃபின். கடும் அழுத்தத்தில் அது இரும்பின்மேல் குளோரைடு படலம் போடும், அந்தச் சோதனைக்கு அது போதும். ஆனால் இன்ஜின் பேரிங் நிற்பது பம்ப் தரும் ஆயில் படலத்தின்மேல், புள்ளி உரசலில் அல்ல. அதே குளோரின், எரிப்பில் உண்டாகும் ஈரத்தோடு சேர்ந்து ஹைட்ரோகுளோரிக் அமிலமாகி செம்பு, ஈயம் கலந்த பேரிங்கை அரிக்கும். மாலிப்டினம் வேறு கதை. ஆயிலில் கரையும் மாலிப்டினம் சேர்மம் உராய்வைக் குறைப்பது மெய். பல நல்ல ஆயில்களில் அது ஏற்கெனவே உள்ளே இருக்கிறது.

மதிப்பெண் தர இங்கே ஒன்றுமில்லை.

வாங்கும் முன் ஒரு கண்ணாடிக் குப்பி சோதனை

எந்தப் புட்டியானாலும் இன்ஜினுக்கு முன் குப்பியில் ஊற்றிப் பாருங்கள். மூடியுள்ள இரண்டு கண்ணாடிக் குப்பிகளில் நீங்கள் போடும் ஆயில் தலா 100 மில்லி. ஒன்றில் மட்டும் 10 மில்லி அடிட்டிவ். இரண்டையும் வெந்நீரில் வைத்துச் சூடேற்றி, ஒரே மாதிரி ஒரு நிமிடம் குலுக்கி, நுரை அடங்க எடுக்கும் நேரத்தை ஒப்பிடுங்கள். பிறகு ஒரு இரவு குளிர்ந்த இடத்தில் அசைக்காமல் வையுங்கள். அடியில் படிவோ, நடுவில் கோடு போட்ட அடுக்கோ, மங்கலோ தெரிந்தால், சம்ப்பிலும் அதுதான் நடக்கும். எல்லாம் தெளிவாக இருந்தால் அது நல்லது செய்யும் என்று அர்த்தமில்லை, கலக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். நல்லது செய்கிறதா என்று அறிய வேண்டுமானால் ஆயில் பரிசோதனைக் கூடத்துக்கு மாதிரி அனுப்புங்கள். ஆயிலை இறக்கும்போது முதலில் வருவதையும் கடைசியில் வருவதையும் விட்டு நடுவில் 100 மில்லி பிடிக்க வேண்டும். இரும்பு போர், கேம் பக்கம் காட்டும். செம்பும் ஈயமும் பேரிங், அலுமினியம் பிஸ்டன், சிலிக்கான் ஏர் ஃபில்டர் தாண்டி வந்த தூசி, சோடியமும் பொட்டாசியமும் கூலன்ட் கசிவு. அடிட்டிவ் இல்லாமல் ஒருமுறை, அதே ஓட்டத்தில் அடிட்டிவ் போட்டு ஒருமுறை பார்த்து, ஆயிரம் கிலோமீட்டருக்கு இரும்பு எவ்வளவு ஏறியது என்று வகுத்து ஒப்பிட்டால், புட்டியின் வாசகங்களைவிட அந்த இரண்டு எண்கள் அதிகம் சொல்லும்.

ஏற்கெனவே ஊற்றியாகிவிட்டது என்றால்: ஜிங்க்கை அளவில்லாமல் ஊற்றியவர்களும், டெஃப்லான் அல்லது குளோரின் வகை ஊற்றியவர்களும் அடுத்த சர்வீஸுக்குக் காத்திராமல் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். கெட்டியாக்கி ஊற்றியவர்கள், காலை ஸ்டார்ட்டில் டேப்பெட் சத்தம் நீளாதவரை, இருக்கும் ஆயில் முடியும்வரை ஓட்டலாம். அடுத்த முறை கையேடு அனுமதிக்கும் கிரேடுகளில் ஒரு படி கெட்டியானதைப் போடுங்கள். சீல் கண்டிஷனர் ஊற்றியவர்கள் 1500 கிலோமீட்டர்வரை பொறுங்கள். ஓடோமீட்டரின் எண்ணும் டிப்ஸ்டிக் மட்டமும் குறித்து வையுங்கள். அதற்குப் பிறகும் அதே வேகத்தில் குறைந்தால் அந்தச் சீலை மாற்ற வேண்டியதுதான்.